சித்திரையில் தோண்ட வேண்டிய குழி: காவிரி டெல்டாவில் வயலையும் கழிப்பறையையும் சேர்த்துச் சீராக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெருவில் ஒரு கழிப்பறை இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் கட்டியது. நாலடி தோண்டுவதற்குள் ஊற்று பொத்துக்கொண்டு வந்தது. கட்ட வந்தவர் அந்தச் சேற்றுத் தண்ணீருக்குள்ளேயே சிமென்ட் உறைகளை இறக்கி, மூடியைப் போட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மழைக்குக் குழித் தண்ணீர் கழிப்பறைக் கோப்பை வழியாக மேலே வந்தது. இன்று அந்த அறைக்குள் விறகு அடுக்கியிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் விடியுமுன் வாய்க்கால் கரைக்குப் போகிறார்கள். அதே வாய்க்கால் நீர்தான் மூன்று வயல் தள்ளி நாற்றங்காலுக்குப் பாய்கிறது. நடவுக்கு இறங்குகிறவர்கள் அதே நீரில் முழங்கால் அளவு நிற்கிறார்கள்.

விவசாயத்துக்கு ஒரு துறை, கழிப்பறைக்கு இன்னொரு துறை என்று அரசு பிரித்துக்கொள்ளலாம். டெல்டாவின் தண்ணீர் அப்படிப் பிரிவதில்லை, குடும்பத்தின் பணப்பையும் பிரிவதில்லை. தையில் நெல் விற்ற பணம் மாசியில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போவதை ஒவ்வோர் ஊரிலும் பார்க்கலாம். கொக்கிப்புழு மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோல் வழியாக உடம்புக்குள் போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தசோகையோடு நடவு நடும் பெண் மதியத்துக்குள் தளர்ந்துவிடுகிறாள். அதைச் சோம்பல் என்று ஊர் சொல்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் பயிரும் கழிப்பறையும் ஒரே நாட்காட்டியில் வருகின்றன. சித்திரையில் தொடங்குகிறேன். வயல் காய்ந்து, நிலத்தடி நீர் இறங்கி, மேட்டூர் அணை திறக்கக் காத்திருக்கும் இரண்டு மாதங்களில் செய்யும் வேலைதான் மீதிப் பத்து மாதங்களைத் தாங்கும். நம்மில் பலர் அந்த இரண்டு மாதங்களைச் சும்மா விட்டுவிடுகிறோம்.

1. பங்குனிக் கடைசி: ஒரு நோட்டுப் புத்தகம்

கடந்த பன்னிரண்டு மாதங்களில் வீட்டிலிருந்து போன பணத்தை எழுதுங்கள். விதை, உரம், உழவு, அறுவடை இயந்திர வாடகை ஆகியவை எல்லோருக்கும் நினைவிருக்கும். நினைவில் இல்லாத இனங்கள்தான் முக்கியம்: மருந்துச் செலவு, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் போன கூலி நாட்கள், நோயாளியோடு துணைக்கு இருந்தவரின் கூலி நாட்கள், வாரக் கடனுக்குக் கட்டிய வட்டி. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். வயல் செலவு ஒருவருக்குத் தெரியும், வீட்டுச் செலவு மற்றவருக்குத் தெரியும். எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்பதை இந்த ஒரு பக்கமே சொல்லிவிடும்.

2. சித்திரை, வைகாசி: கழிப்பறைக் குழி

இந்தப் படியில்தான் அதிகம் நிற்கப் போகிறேன். டெல்டாவில் கழிப்பறைத் திட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் உங்கள் மனையின் தண்ணீர் மட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக் கிணற்றில் சித்திரையில் நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கார்த்திகையில் எதுவரை ஏறும் என்பதைக் கிணற்றுச் சுவரின் பாசிக்கோடு காட்டும். ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள். தோண்டுவது சித்திரையில் என்றாலும், குழியின் அளவைக் கார்த்திகைக் கோட்டை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் கோடு குழியின் அடியிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் கீழே இருந்தால், இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். ஒவ்வொரு குழியும் ஏறக்குறைய மூன்றேகால் அடி விட்டம், நாலடி ஆழம். சுற்றுச்சுவரில் செங்கல்லைத் தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், அடியில் சிமென்ட் போடக் கூடாது. இரண்டு குழிகளுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வழியை அடைத்து, மறு வழியைத் திறந்து வைக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி மூன்று ஆண்டுகளாவது வரும். நிரம்பியதும் வழியை மாற்றிவிட்டு, பழைய குழியை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் உள்ளிருப்பது மக்கி, வாடையற்ற மண்ணாகிவிடும். சரிவு கூடிய கிராமியக் கோப்பை வாங்குங்கள். அதற்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். நகரத்துக் கோப்பை வைத்தால் வாளி வாளியாக ஊற்ற வேண்டியிருக்கும், குழியும் சீக்கிரம் தண்ணீரால் நிறைந்துவிடும்.

ஆனால் டெல்டாவின் பெரும்பகுதியில் கார்த்திகைக் கோடு அவ்வளவு கீழே இருக்காது. கொள்ளிடக் கரை, வெண்ணாற்றுப் படுகை, கடலோர ஊர்கள் எல்லாம் மழைக்காலத்தில் ஊறி நிற்பவை. அங்கே குழியைப் பாதிக்கு மேல் தரைக்கு மேலே எழுப்பிக் கட்டி, சுற்றிலும் மண் அணைத்து, கோப்பையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். குழியைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்கு மணல் உறை கொடுத்து அடியை மூடிவிட்டால் கழிவு நேராக நிலத்தடி நீரில் கலக்காது. கைப்பம்புக்கும் குழிக்கும் பத்து மீட்டராவது தூரம் வேண்டும். நாலு படி ஏற வேண்டியிருக்கும். வயதானவர்களுக்காகக் கைப்பிடி வையுங்கள்.

அதுவும் முடியாத இடங்களுக்கு, காவிரிக் கரையிலேயே கண்ட விடை ஒன்று இருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறியில் 2000-களின் நடுவில் சூழல் மேம்பாட்டுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. அந்தப் பணியை முன்னின்று நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தக் கழிப்பறையில் மலமும் சிறுநீரும் கழுவும் நீரும் தனித்தனி வழியில் போகும். மலம் தரைக்கு மேலே கட்டிய உலர்ந்த அறையில் விழும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் தூவ வேண்டும். கழுவும் நீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும். சிறுநீரைத் தண்ணீர் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். ஓர் அறை நிரம்பியதும் மூடி, ஓராண்டு விட்டு எடுத்தால் எரு. முசிறிப் பொதுக் கழிப்பறையில் பயன்படுத்தியவர்களுக்கே ஒரு முறைக்குப் பத்துப் பைசா கொடுத்தார்கள். கழிவுக்கு உரமதிப்பு உண்டு என்பதை ஊர் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். குழியே தோண்டாத இந்த முறையைத்தான் தாழ்வான ஊர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒரு நிபந்தனை: விருந்தாளி உட்பட எல்லோருக்கும் பழக்கிவிட வேண்டும். உலர் அறைக்குள் தண்ணீர் போனால் நாறிவிடும்.

ஒரே ஒரு பெரிய தொட்டியைக் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் வடிகுழாய் நேரே வாய்க்காலில் முடிந்தால், கரைக்குப் போனதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அப்படி ஒரு தொட்டி ஏற்கெனவே இருந்தால், அதைச் சுத்தம் செய்ய எந்த மனிதரையும் உள்ளே இறக்காதீர்கள். நச்சுவாயு நொடியில் கொல்லும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. கசடு உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள்.

பணத்துக்கு, தூய்மை இந்தியா திட்டத்தில் தகுதியுள்ள வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. எழுப்பிக் கட்டும் கழிப்பறைக்கு அது போதாது. மீதியை மகளிர் குழுக் கடனாக எடுத்தாலும், நோட்டுப் புத்தகத்தின் மருந்துச் செலவுப் பக்கத்தைப் பார்த்தால் துணிவு வரும். பட்டா இல்லாத வீடுகளுக்குத்தான் உண்மையான சிக்கல். கோயில் மனையிலும் புறம்போக்கிலும் தலைமுறையாக இருக்கும் கூலிக் குடும்பங்கள் இங்கே ஏராளம். நிலவுடைமையாளர் மனையில் 1971-க்கு முன்பிருந்தே குடியிருந்த வேளாண் தொழிலாளர்களுக்கு உரிமை தரத்தான் அந்த ஆண்டில் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. அதன் பலன் உங்கள் தெருவுக்கு வந்ததா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். தெரு முழுவதும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

3. மே 1: கிராம சபை

சித்திரை நடுவில் வரும் இந்தக் கூட்டம் டெல்டாக்காரர்களுக்கு அமைந்த நல்ல நாள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு ஆறு வாரங்கள் இருக்கும். மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொண்டுபோய்த் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். எந்தெந்தப் பாசன வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று பெயரோடு ஒன்று. வடிகாலையும் தூர்வார வேண்டும் என்று இன்னொன்று. பாசன வாய்க்காலுக்காக எல்லோரும் பேசுவார்கள், வடிகாலை மறந்துவிடுவார்கள். ஐப்பசியில் பயிரை மூழ்கடிப்பது ஆகாயத்தாமரை அடைத்த வடிகால்தான். மூன்றாவது, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை எந்தத் தேதிகளில் கழுவுவார்கள் என்ற பட்டியல்.

4. கோடை மழை: மண்

வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மண்வெட்டியால் 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நன்றாகக் கலந்து, அரைக் கிலோவை மட்டும் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மர நிழல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் உப்பின் அளவை அவசியம் கேட்டு வாங்குங்கள்.

முதல் கோடை மழை விழுந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) விதைத்து, பூவெடுக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45-ஆம் நாள், மடக்கி உழுங்கள். வாங்கும் யூரியாவில் ஒரு பகுதி அங்கேயே மிச்சமாகும். மாட்டுச்சாணம் குறைந்துபோன ஊர்களில் மண்ணுக்கு உயிர் கொடுக்க இதைவிட மலிவான வழியை நான் பார்த்ததில்லை.

5. ஆனி: குறுவையா, பொறுப்பதா?

குறுவை என்பது ஆனியில் தொடங்கும் குறுகிய கால நெற்பயிர். இங்கே ஆசையைவிட நிதானம் வேண்டும். 2022-இல் மேட்டூர் மே 24-இலேயே திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று அளவு வகுத்த பிறகும், மழை பொய்த்த ஆண்டில் ஆனித் தண்ணீர் உறுதியில்லை. அணையின் மட்டத்தை நாளிதழில் நாள்தோறும் பார்த்து முடிவெடுங்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் குறுவை போடலாம். வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் ஆற்றுநீரை மட்டும் நம்பியிருப்பவர், அணை பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவை ஒழுங்காகச் செய்வதே மேல். கருகிய குறுவையின் கடனோடு சம்பாவுக்குள் போன குடும்பம் எழுந்திருக்க இரண்டு ஆண்டுகளாகும்.

போடுவதென்றால் ஆடுதுறை 43, கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்கள் பொருந்தும். அறுவடை ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிட வேண்டும்.

6. ஆவணி, புரட்டாசி: சம்பா

டெல்டாவின் முதுகெலும்பு இந்தப் பயிர். தண்ணீர் நிற்கும் வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகத்தை எடுங்கள். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் மீண்டு வரும் குணம் அதற்கு உண்டு. ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் ரகம் என்பதால் ஆவணிக்குள் நாற்று விட்டுவிட வேண்டும். வடிகால் வசதியுள்ள மேட்டு வயலில் கொஞ்சம் இடம் ஒதுக்கி மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா என்று ஏதாவது ஒரு பாரம்பரிய ரகத்தை வீட்டுக்காகப் போடுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் ஊர் ஊராக விதை கொடுத்து மீட்டெடுத்த ரகங்கள் பல. விற்க முடிந்தால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் வாங்குபவர் உறுதியாகாமல் முழு நிலத்திலும் போடாதீர்கள்.

திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதையும் ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். வழக்கமான நடவுக்கு 20, 30 கிலோ தேவைப்படும். விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து நேர்த்தி செய்து, 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் நட வேண்டும். பத்தாம் நாளிலிருந்து பத்து நாட்களுக்கு ஒருமுறை களையெடுக்கும் கோனோவீடர் கருவியை ஓட்ட வேண்டும். ஒற்றை நாற்று நட்ட வயல் முதல் இருபது நாள் மொட்டையாகத் தெரியும். பக்கத்து வயல்காரர் ஏதாவது சொல்வார். தூர் கட்டியதும் அந்தப் பேச்சு நின்றுவிடும். தாழ்வான வயலுக்கு மட்டும் இளநாற்று வேண்டாம். ஒரு மழையில் மூழ்கிவிடும்.

எட்டடிக்கு ஒருமுறை ஓரடி அகலத்துக்கு நடாமல் இடைவெளி (பட்டம்) விடுங்கள். காற்றும் வெயிலும் உள்ளே போனால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி குறையும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டுவது புகையானுக்கு விருந்து வைப்பது போல. மூன்று, நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். எலிக்கு விஷத்தைவிட நம் ஊர் மூங்கில் கிட்டி (பொறி) நல்லது. ஊரே ஒரே வாரத்தில் வைத்தால்தான் பலன் தெரியும். எலி குறைந்தால் நெல்லோடு எலிக்காய்ச்சலும் குறையும்.

தண்ணீரை எப்போதும் கட்டி வைக்கத் தேவையில்லை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைத்து, அதற்குள் நீர் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

பயிர்க்கடனைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலேயே எடுங்கள். குறித்த காலத்துக்குள் கட்டினால் வட்டி இல்லை. பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் கட்டினால் போதும். கெடு வழக்கமாக நவம்பர் 15. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலை (சாகுபடிப் பதிவு) புரட்டாசியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளாவிட்டால் இழப்பீடு நில உரிமையாளருக்குப் போய்விடும். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. கேட்பதற்குத் தயங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நிலத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தனியாகப் போகாமல் விவசாயிகள் சங்கத்தோடு போகச் சொல்கிறேன்.

7. ஐப்பசி, கார்த்திகை: மழை

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த பிறகு, தென்னை போனதைப் பற்றிப் பேசினோம். குடிநீர் கெட்டதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. இந்த இரண்டு மாதங்களில் பயிரையும் குடலையும் ஒருசேரக் காவல் காக்க வேண்டும்.

வயலில் வெள்ளம் நின்றால், வடிந்த உடனே யூரியா போடாதீர்கள். முழுதாக வடிந்து பயிர் நிமிர்ந்த பிறகு, யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷும் சேர்த்துத் தூவுங்கள்.

வீட்டில், குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடி வைத்து, நீண்ட கைப்பிடி உள்ள செம்பால் மொண்டு குடியுங்கள். குடத்துக்குள் விரல் படக் கூடாது. ஊராட்சித் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டி இயக்குபவரிடம் அதைச் சோதிக்கும் சிறு பெட்டி இருக்கும், காட்டச் சொல்லுங்கள். மலம் கழித்த பின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாம்பலும் சீயக்காயும் சோப்புக்கு ஈடில்லை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அரிசிக் கஞ்சியோடு நிற்காமல் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பொட்டலம் கிடைக்காத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். அளவு தவறக் கூடாது. காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். வயல் வேலைக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருந்துக்கடை மாத்திரையோடு நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வயலில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

8. தை: நெல்லும் உளுந்தும்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரிசையில் காத்திருந்து பனியில் நனைய விடுவதைவிட, வீட்டுக் களத்தில் இரண்டு வெயில் காட்டி, தார்ப்பாயோடு போங்கள். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம் கையில் இருக்கட்டும். 40 கிலோ சிப்பத்தின் எடையை நீங்களே நின்று பாருங்கள்.

உளுந்தை விட்டுவிடாதீர்கள். சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, ஏக்கருக்கு 10, 12 கிலோ ஆடுதுறை 3 ரக உளுந்தை விதைத்துவிட வேண்டும். உழவு இல்லை, பாசனம் இல்லை, பனியிலேயே வளரும். அறுவடை இயந்திரத்தின் சக்கரத் தடத்தில் முளை நசுங்கும். அதற்காக இரண்டு கிலோ கூட்டித் தெளியுங்கள். பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை, 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை முந்தின இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கி ஏக்கருக்குத் தெளித்தால் காய்ப்பில் வித்தியாசம் தெரியும். அறுத்த உளுந்தில் ஒரு மரக்காலாவது வீட்டுக்கு நிறுத்திவையுங்கள். இரத்தசோகை உள்ள வீட்டில் எல்லா உளுந்தையும் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

9. நிலம் இல்லாதவர்களுக்கு

மேலே சொன்னவற்றில் பாதி நிலமுள்ளவர்களுக்கு. டெல்டாவில் வறுமை கூடுதலாக இருப்பது நிலமில்லாத தெருக்களில். இயந்திரம் வந்து அறுவடைக் கூலியைக் கொண்டுபோய்விட்டது. 1968-இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டது கூலி நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியில் என்பதை மறந்துவிட்டு இந்த மண்ணில் வறுமையைப் பற்றிப் பேச முடியாது.

நடவு இயந்திரத்துக்குப் பாய் போல வளர்த்துச் சுருட்டி எடுக்கும் பாய் நாற்று வேண்டும். மகளிர் குழு ஒன்று நாலு சென்ட் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நாற்று வளர்த்து விற்கலாம். வைக்கோல் மலிந்த ஊரில் ஓலைக் குடிசைக்குள் சிப்பிக்காளான் வளர்க்கலாம். அதற்கு முன் பக்கத்து டவுனில் வாங்கும் கடையைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் காளான் மறுநாள் வரை தாங்காது. இரண்டு ஆடு, தீவனத்துக்கான அசோலாப் பாசித் தொட்டி, கழிப்பறைக் கழுவுநீர்ப் பாத்தியில் நாலு வாழை என்று சிறிதாகத் தொடங்குங்கள். வாரத் தவணை கட்டும் கடனை இவற்றுக்கு வாங்காதீர்கள். ஆடு வாரா வாரம் பணம் தராது.

10. மூன்றாம் ஆண்டுச் சித்திரை

முதல் குழி நிரம்பியதும் குழாய் வழியை மாற்றி, மாற்றிய தேதியைக் குழி மூடியில் சாயத்தால் எழுதுங்கள். அதிலிருந்து இரண்டு சித்திரை கழிந்த பிறகு, வெயில் உறைக்கும் ஒரு நாளில் மூடியைத் திறந்து, கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் எடுங்கள். கருப்பாக, உதிரியாக, வாடை இல்லாமல் இருக்க வேண்டும். ஈரமும் நாற்றமும் இருந்தால் திரும்ப மூடிவிட்டு இன்னும் ஆறு மாதம் விடுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். தென்னைக்கோ மாமரத்துக்கோ இரண்டடி தள்ளி வட்டமாகப் பள்ளம் எடுத்து அதில் போட்டு, மேலே மண் தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.